ஊட்டிக் குளிர், பழைய கார், சூடு வராத ஹீட்டர்: கேள்வி பதில்

டிசம்பர் பிறந்துவிட்டால் பட்டறையில் இதே பேச்சுதான். அதனால் இன்று மாலை ஹீட்டர் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய வண்டியாக இருந்தால் நல்லது, அதுதான் எனக்குப் பழக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எட்டுநூறு பிரியன், கோத்தகிரி: அண்ணா, 2006 மாருதி 800. போன மாதம் கோயம்புத்தூரில் வாங்கினேன். ஹீட்டரை முழுக்கச் சிவப்புப் பக்கம் வைத்தாலும் சில்லென்ற காற்றுதான் வருகிறது. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள் தம்பி. டேஷ்போர்டைப் பிரிப்பது கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் சொல்கிறவரிடம் இன்னொரு தடவை யோசித்துவிட்டுப் போங்கள்.

கார் ஹீட்டருக்குத் தனி அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவம்தான் கூலன்ட். எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய அந்தக் கூலன்ட்டில் கொஞ்சம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. ப்ளோயர் அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. ஆக, பார்க்க வேண்டியது இரண்டு. சூடான கூலன்ட் கோருக்குள் போகிறதா? போகிறது என்றால், காற்று அந்தக் கோர் வழியாக வருகிறதா?

இதற்குக் கருவி வேண்டாம், கை போதும். கால் மணி நேரம் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டுக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும், விரல் பத்திரம். இரண்டு ஹோஸும் கைவைக்க முடியாத சூடு என்றால் கோர் வரை குறை இல்லை. காற்றைத் திருப்பும் ஃப்ளாப்போ அதன் கேபிளோ கழன்றிருக்கும். ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது, இல்லையேல் ஹீட்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. இரண்டுமே சூடில்லை என்றால் கூலன்ட் குறைவு, ஏர் லாக் (குழாயில் சிக்கிய காற்று), அல்லது எஞ்சினே சரியாகச் சூடாகவில்லை.

உங்கள் வண்டி கோவையிலிருந்து ஏறியது என்பதால் இன்னொன்றும் பாருங்கள். கீழே சமவெளியில் ஹீட்டர் கோர் ஒழுகினால் பலர் புதுசு போடுவதில்லை. இரண்டு ஹோஸையும் பிடுங்கி, ஒரு துண்டுப் பைப்பால் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடு ஒன்று கோத்துவிடுவார்கள். கோவைக்கு ஹீட்டர் எதற்கு என்ற நியாயம். ஃபயர்வாலில் இரண்டு மொட்டைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் விஷயம் அதுதான். அப்போதுதான் கோர் மாற்ற டேஷ்போர்டைப் பற்றிப் பேச வேண்டும்.

டீத்தூள், குன்னூர்: வண்டி ஓடும்போது சூடு வருகிறது, ஐடிலில் நின்றால் குளிர்ந்துவிடுகிறது. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கிற சத்தம் வேறு. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இங்கே குளிர்தானே, கொதிக்கவா போகிறது?

பதில்: கொதிக்கும் சார். சமவெளியைவிடச் சீக்கிரமாகவே கொதிக்கும். ஊட்டி 2240 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் ஒரு டிகிரி கூடும், அவ்வளவுதான். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறக்கத் தொடங்குவதே 82 அல்லது 88 டிகிரியில். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். வண்டியைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. பல சின்ன கார்களின் மூடியில் 0.9 என்று போட்டிருக்கும். அந்த 0.9 பார் அழுத்தத்தை மூடி பிடித்துவைத்தால் ஊட்டியிலும் கொதிநிலை 110-ஐத் தாண்டிப் போகும். மூடியின் ரப்பர் வெடித்துப் போயிருந்தால் பர்லியார் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறும், அந்த இடத்தில் காற்று நிற்கும். பல கார்களில் ஹீட்டர் கோர் உயரமான இடத்தில் இருப்பதால் காற்று அங்கேதான் போய்த் தங்கும். நீங்கள் கேட்கும் சலசலப்பு அதுதான். ரேஸ் கொடுத்தால் பம்ப் வேகமாகத் தள்ளுவதால் கொஞ்சம் சூடு வருகிறது, ஐடிலில் அந்தத் தெம்பு இல்லை.

முதலில் மூடியை மாற்றுங்கள். பிறகு காற்றை எடுக்க வேண்டும். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது, மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் வண்டியை நிறுத்துங்கள் (நம் ஊரில் மேட்டுக்குப் பஞ்சமா?). ஹாண்ட்பிரேக் போட்டு டயருக்குக் கல் வையுங்கள். மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், கூலன்ட்டை ஊற்றிக்கொண்டே வாருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை நடுநடுவே அமுக்கிவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, குமிழி நின்று, ரேடியேட்டர் பொங்கத் தொடங்குவதற்கு முன்பே மூடிவிடுங்கள். விட்டுவிட்டுச் சூடான பிறகு திறப்பது வேறு கதை, அதைச் செய்யவே கூடாது.

குமிழி நிற்கவே இல்லை, ரேஸ் கொடுத்தால் இன்னும் கூடுகிறது, வெளியே ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகம். அதை இங்கே எழுதித் தீர்க்க முடியாது, வண்டியை நேரில் காட்டுங்கள்.

வெறும் தண்ணீர் விஷயம்: ஒரு பங்கு கூலன்ட், ஒரு பங்கு சுத்திகரித்த தண்ணீர். உறைபனிக்காக மட்டும் அல்ல, துருவுக்காகவும் உப்புப் படிவுக்காகவும். கோரின் குழாய்கள் மெல்லியவை, துரு முதலில் அடைப்பது அங்கேதான்.

பெயர் சொல்லாத ஒருவர், ஊட்டி: ஹீட்டரில் சூடு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: என்ன வண்டி? முள் எங்கே நிற்கிறது? ஹோஸைத் தொட்டீர்களா?

பனிமூட்டம், ஸ்கார்பரோ: அண்ணா, கனடாவில் இருக்கிறேன். 2004 கொரோலா. நகரத்துக்குள் ஹீட்டர் பரவாயில்லை. மைனஸ் 20-ல் நெடுஞ்சாலையில் ஏறினால் முள் கீழே இறங்கி, சூடும் போய்விடுகிறது. ஸ்கேனரில் பி0128 என்று வருகிறது.

பதில்: பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். எஞ்சின் எட்ட வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை என்பதுதான் அந்தக் கோடு. கூலன்ட் மட்டம் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. வேகமாகப் போகும்போது ரேடியேட்டரில் அடிக்கும் குளிர்காற்று, எஞ்சின் தரும் சூட்டை எல்லாம் தின்றுவிடுகிறது. தெர்மோஸ்டாட் மாற்றுங்கள். அதில் சின்னதாக ஆடும் ஊசி ஒன்று இருக்கும், அது மேல் பக்கமாக வரவேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

ஓய்வு டிரைவர், மேட்டுப்பாளையம்: தம்பி, இந்தத் தெர்மோஸ்டாட்டே தண்டம். அம்பாசடர் காலத்திலிருந்து எந்த வண்டி வாங்கினாலும் நான் முதலில் அதைக் கழற்றி எறிந்துவிடுவேன். ஒரு தடவைகூட எஞ்சின் சூடாகி நின்றதில்லை. அது மூடியபடி மாட்டிக்கொண்டால் கல்லாறு தாண்டி நடுவழியில் யார் வந்து காப்பாற்றுவார்கள்?

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை நான் விடுவதாக இல்லை. ஹீட்டர் பலவீனம் என்று என்னிடம் வரும் வண்டிகளில் தெர்மோஸ்டாட் கழற்றிய வண்டிதான் அலுத்துப்போகும் அளவுக்கு வருகிறது. சமவெளி மே மாதத்தில் கழற்றியது, ஊட்டி ஜனவரியில் பல்லைக் காட்டுகிறது.

எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் ஹீட்டர் மட்டுமா போகிறது? இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலுக்குள் சேரும் ஈரம் ஆவியாகாது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓய்வு டிரைவர், மேட்டுப்பாளையம்: பெட்ரோல் கொஞ்சம் கூடினால் கூடட்டும். எஞ்சின் வெந்து போவதைவிட அது மேல்.

சில்வர் ஓக், கூடலூர்: எங்கள் அப்பாவும் இதையேதான் சொல்வார். ஐயா சொல்வது சரி.

பதில்: வெந்து போவதற்கே வருகிறேன். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அப்படிப்பட்ட வண்டியை மலையேற்றினால் தெர்மோஸ்டாட் இல்லாததாலேயே எஞ்சின் சூடேறும்! பழைய அம்பாசடர் உங்களை மன்னித்திருக்கலாம் ஐயா. இன்றைய எஞ்சினுக்கு அந்த நல்ல மனசு கிடையாது.

மூடியபடி மாட்டிக்கொள்ளும் பயம் நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம், வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே ஏறிய துரு. கூலன்ட்டைக் காலத்தில் மாற்றுங்கள், சந்தேகம் வந்தால் நல்ல தெர்மோஸ்டாட் புதுசாகப் போடுங்கள்.

இதே கும்பலில் சேர்ந்தது ரேடியேட்டர் ஃபேனை ‘டைரக்ட்’ பண்ணுவது. சுவிட்ச் போய்விட்டது என்று சாவி போட்டதும் ஃபேன் சுற்றும்படி வயரை இழுத்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அது எஞ்சினைச் சூடேற விடுமா?

ஓய்வு டிரைவர், மேட்டுப்பாளையம்: அந்த ஃபேன் டைரக்டும் நான் பண்ணியிருக்கிறேன்.

பதில்: நினைத்தேன் ஐயா.

நட்டு போல்ட்டு, வெலிங்டன்: தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் போட்டுச் சோதித்தேன். 88 என்று அச்சிட்டிருக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் முழுதாகத் திறக்கவில்லை. கெட்டுவிட்டதா?

பதில்: இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. 88 என்பது திறக்கத் தொடங்கும் வெப்பம். முழுதாகத் திறக்க அதற்கு மேல் பத்து டிகிரியாவது வேண்டும். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஏறாது. பாதி திறந்தாலே போதும். ஆறியதும் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். ஹீட்டருக்கு அதுதான் முக்கியம். அந்தச் சட்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். கூலன்ட் விஷம்.

லவ்டேல் வாசி: ஹீட்டர் போட்டால் இனிப்பான வாடை வருகிறது. கண்ணாடியில் எண்ணெய் போலப் படிகிறது. இடது பக்கக் கால்மிதி ஈரமாகவே இருக்கிறது.

பதில்: ஹீட்டர் கோர் ஒழுகுகிறது அம்மா. உங்களுக்கு டேஷ்போர்டு பிரிக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. லீக் அடைக்கும் பவுடரை ஊற்றச் சொல்வார்கள். அது ஓட்டையோடு சேர்த்து கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வேண்டாம். வேலை முடியும் வரை கீழே சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். நாய், பூனை இனிப்பென்று நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே உயிர் போய்விடும்.

இன்னொருவர், குன்னூர்: சார், ஹீட்டர் சூடு பத்தவில்லை, டேஷ்போர்டு கழற்ற வேண்டுமா?

பதில்: மேலே முதல் பதில். ஹோஸ்.

மூடுபனி, கோடநாடு: ஹீட்டர் நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்து ரோடே தெரியவில்லை.

பதில்: ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கும். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் நான்கு பேரின் மூச்சு கண்ணாடியில்தான் படியும்.

ஊர்சுற்றி, பெங்களூரு: இந்த வாரம் ஊட்டி வருகிறோம். ரூம் கிடைக்காவிட்டால் ஹீட்டர் போட்டுக் காரிலேயே தூங்கலாம் என்று ஒரு எண்ணம்.

பதில்: கூடாது. பழைய வண்டியில் சைலன்சர் எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பளி போர்த்துங்கள், இல்லை என்றால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுங்கள்.

நட்டு போல்ட்டு, வெலிங்டன்: கோர் அடைத்திருந்தால் நானே கழுவலாமா?

பதில்: தாராளமாக, எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு. ஃபயர்வாலில் இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியே போகும் குழாய் வழியாகத் தோட்டத்துப் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். எதிர்த் திசையில் விட்டால்தான் கசடு கிளம்பும். பிரஷர் வாஷர் வேண்டாம், பழைய கோர் பிளந்துவிடும். டாய்லெட் கழுவும் ஆசிட் ஊற்றலாமா என்று அடுத்து யாராவது கேட்பதற்கு முன்: கூடாது. வரும் அழுக்கை வாளியில் பிடியுங்கள், ஓடையில் விடாதீர்கள்.

அருவங்காடு: ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது.

பதில்: ப்ளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. மாற்றுங்கள்.

கேத்தி: காற்றே வரவில்லை, எலி வாடை அடிக்கிறது.

பதில்: ப்ளோயரைக் கழற்றினால் கூடு இருக்கும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து இன்னொருவர்: சூடாக இருக்கும்போது துணி சுற்றி மெதுவாக மூடியைத் திறந்தால் பரவாயில்லையா?

பதில்: இல்லை. ஆறும் வரை காத்திருங்கள்.