பெயரில் ‘கிறிஸ்தவ’ என்று இருக்கிறதே, நான் போகலாமா?

கேள்வி: ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். இந்துக் குடும்பம். கொன்ராட் அடெனாவர் அறக்கட்டளை நடத்தும் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு எங்கள் பேராசிரியர் வகுப்பு முழுவதற்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறார். ஐரோப்பா பற்றி ஒரு உரை, கலந்துரையாடல், கொஞ்சம் இசை, கடைசியில் ‘எம்ப்ஃபாங்’ என்று போட்டிருக்கிறது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்த இடம் அது என்கிறார்கள். போனால் விசாவுக்குச் சிக்கல் வருமா? அங்கே ஒருவரையும் தெரியாது, போய் என்ன செய்வது? இதுபோல் வேறு எங்கே நடக்கிறது?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. விசா பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். வெளிநாட்டவர் சட்டத்துக்கு உட்பட்டு அரசியலில் ஈடுபடலாம் என்று ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டமே சொல்கிறது. ஒரு உரையைக் கேட்டுவிட்டு வருவதற்கு யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

அடுத்தது அந்தக் ‘கிறிஸ்தவ’. நம் காதுக்கு ஜெபக்கூட்டம் மாதிரி கேட்கும். இங்கே கதை வேறு. ஹிட்லருக்கு முன்னால் கத்தோலிக்கர்களுக்கு சென்ட்ரும் என்று தனிக் கட்சி இருந்தது. புராட்டஸ்டண்டுகள் வேறு கட்சிகளில் இருந்தார்கள். 1945-இல் எல்லாம் இடிந்து கிடந்தபோது இரு தரப்பையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரத் தொடங்கியதுதான் சிடியு, அதாவது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. பிரிந்து கிடந்தவர்களைச் சேர்த்து வைக்கத்தான் அன்றைக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. இன்று கிறிஸ்தவர் அல்லாதவரும் அந்தக் கட்சியில் உறுப்பினராகலாம். வாசலில் பதிவுப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அழைப்பிதழில் ‘அழைப்பவர்’ யார்? அதை வைத்துத்தான் அந்த மாலை எப்படிப் போகும் என்று சொல்ல முடியும்.

உங்களுக்கு வந்திருப்பது அறக்கட்டளையின் அழைப்பு. 1955-இல் வேறு பெயரில் தொடங்கி 1964-இல், மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரான (பிரதமர் மாதிரி) அடெனாவரின் பெயரை எடுத்துக்கொண்ட அமைப்பு அது. கட்சிக்கு நெருக்கம், ஆனால் சட்டப்படி தனி. பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடக்கிறது. டெல்லியிலும் அலுவலகம் உண்டு. சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஃப்ரீட்ரிஷ் ஏபெர்ட், பசுமைக் கட்சிக்கு ஹைன்ரிஷ் ப்யோல் என்று மற்றவர்களுக்கும் இதேபோல் அறக்கட்டளைகள் உண்டு. இந்த வாரம் இங்கே போய்விட்டு அடுத்த வாரம் உங்கள் பானிலேயே இருக்கும் ஏபெர்ட் அறக்கட்டளைக்கும் போகலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கட்சியின் கிளையோ, 1951-இல் தொடங்கிய ஆர்சிடிஎஸ் என்ற மாணவர் அமைப்போ அழைத்தால் அது வேறு வகை. அங்கே பீர் தாராளம், கூடவே உறுப்பினர் படிவமும் வரும். பிடித்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே ‘யோசிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ஆர்சிடிஎஸ் மாதிரியான மாணவர் அமைப்புகள் நாட்டுக்கு நாடு உண்டு. அவற்றை இணைக்கும் ஐரோப்பிய ஜனநாயக மாணவர் அமைப்பு 1961 முதல் இருக்கிறது. சிடியு மாதிரியான கட்சிகளை இணைப்பது 1976-இல் தொடங்கிய ஐரோப்பிய மக்கள் கட்சி, தலைமையகம் பிரஸ்ஸல்ஸில்.

சரி, அங்கே போய் என்ன செய்வது? நானும் முதல் தடவை ஆப்பிள் ஷோர்லே (சோடா கலந்த ஆப்பிள் சாறு) கிளாஸைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஜன்னலோரம் நின்றவன்தான். உரை முடிந்ததும் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ‘எம்ப்ஃபாங்’ என்று போட்டிருக்கும் அந்த நின்றுகொண்டே சாப்பிடும் நேரத்துக்காகத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள். இடுப்புயர மேசைகள், வெள்ளைத் துணி, வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸெல். ஆளில்லாத மேசையைத் தேடிப் போகாதீர்கள். இரண்டு பேர் நிற்கும் மேசைக்குப் போய் ‘இங்கே இடம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள், கண்டிப்பாக நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பெயர், படிப்பு, இன்றைய உரையில் உங்களுக்குப் புரியாத ஒரு விஷயம், இது போதும். அவர்கள் ‘டூ’ (நீ) சொல்லும்வரை நீங்கள் ‘ஸீ’தான் (நீங்கள்) சொல்ல வேண்டும். தட்டை நிரப்பிக்கொண்டு போனால் கை கொடுக்க முடியாது. ஒரு கை காலியாக இருக்கட்டும்.

இந்தச் சின்னப் பேச்சை ஏளனமாக நினைக்க வேண்டாம். 1947 வாக்கில் பிரெஞ்சு அரசியல்வாதி ஒருவர் ஜெர்மானியரோடு வெளிப்படையாக உட்கார்ந்து பேசினால் ஊரில் பெயர் கெட்டுப்போகும். அதனால் ஜெனிவாவில் சில கிறிஸ்தவ ஜனநாயகத் தலைவர்கள் சத்தமில்லாமல் கூடினார்கள். பிரான்ஸின் பிதோவும், அப்போது இன்னும் சான்சலராகாத அடெனாவரும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். பிறகு, பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது நிர்வாகத்தில் வைக்கும் திட்டத்தை 1950 மே 9-இல் அறிவித்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமன், இத்தாலியப் பிரதமர் டே காஸ்பெரி, அடெனாவர் மூவருக்கும் ஜெர்மன் சரளம். ஷூமன் லக்ஸம்பர்க்கில் பிறந்து உங்கள் பானிலும் படித்தவர். டே காஸ்பெரி ஆஸ்திரிய ஆட்சியின்கீழ் இருந்த ட்ரென்டினோக்காரர், வியன்னா நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொள்ள முடிந்தது. நீங்களும் ஜெர்மன் வகுப்பை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் சமாளிக்கலாம்தான், ஆனால் மேசைப் பேச்சு இரண்டு நிமிடத்தில் ஜெர்மனுக்கு நழுவிவிடும்.

வேறு எங்கே என்று கேட்டீர்கள். பணமும் அலைச்சலும் இல்லாதது முதலில்: பானிலிருந்து 66-ஆம் எண் டிராமில் ரோன்டோர்ஃப் போங்கள். அடெனாவர் வாழ்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. படிகள் செங்குத்து, நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மேலே அவர் வளர்த்த ரோஜாத் தோட்டம். போச்சா என்ற உருட்டுப்பந்து விளையாட்டில் அவருக்குப் பைத்தியம். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் அவர் விடுமுறைக்குப் போன வில்லா லா கொலினாவை அறக்கட்டளை 1977-இல் வாங்கி மாநாட்டு இல்லமாக்கியது. வீட்டைப் பார்த்துவிட்டு நிகழ்ச்சிக்குப் போனால் மேசையில் பேச விஷயத்துக்குப் பஞ்சமிருக்காது.

இலக்கியம் பிடிக்கும் என்றால் வைமார் நகரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1993 முதல் அறக்கட்டளை தன் இலக்கியப் பரிசை அங்கேதான் கொடுத்துவருகிறது. எழுத்தாளர் ஹெர்த்தா முல்லர் நோபல் வாங்கியது 2009-இல். இவர்கள் 2004-லேயே கொடுத்துவிட்டார்கள். என் கணக்கில் இவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான்.

கூட்டம் பிடிக்கும் என்றால் கத்தோலிக்கன்டாக், அதாவது கத்தோலிக்கர்களின் பெரிய மாநாட்டு விழா. 1848-இல் மைன்ஸில் தொடங்கியது, இப்போது இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் புராட்டஸ்டண்டுகளின் கிர்ஹென்டாக். 2027-இல் உங்களுக்குப் பக்கத்து டியூசல்டோர்ஃபில். இவை கட்சி விழாக்கள் அல்ல, பல கட்சித் தலைவர்களும் வருவார்கள். ஜெபமும் பாட்டும் உண்டு, விருப்பமில்லாவிட்டால் அரங்க விவாதங்களுக்கு மட்டும் போகலாம். இத்தாலியில் ரிமினி நகரில் 1980 முதல் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ‘மீட்டிங்’ நடக்கிறது. ஒரு கத்தோலிக்க இயக்கத்தார் தொடங்கியது. கண்காட்சி, இசை, பிரதமர்கள் வரை பேச்சு. நுழைவு இலவசம், ஆனால் கடற்கரை ஊர், ஆகஸ்ட் மாதம். அறை வாடகை எகிறும், முன்கூட்டியே பாருங்கள்.

உங்கள் அழைப்பிதழின் அடியில் ‘ஊ. ஆ. வே. கே.’ (u. A. w. g.) என்று நான்கு எழுத்து இருக்கும். ‘பதில் தரவும்’ என்று அர்த்தம். வெறும் அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். பதில் போட்டால்தான் பெயரட்டை தயாராக இருக்கும். இன்றைக்கே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கடைசி நேரத்தில் போக முடியவில்லையா, அதையும் ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.