ராக்கெட் விடுங்கள், வெடிமருந்து மட்டும் கலக்காதீர்கள்: மாதிரி ராக்கெட் கேள்வி பதில்

போன வாரம் எங்கள் பிள்ளைகள் ராக்கெட் விட்ட படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் டெக்சாஸில் இருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக வார இறுதிகளில் இதுதான் வேலை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): அக்கா, எரிபொருளை நாங்களே கலந்து குழாயில் அடைக்கலாம் என்று இருக்கிறோம். பாதுகாப்பாகச் செய்ய என்னென்ன பார்க்க வேண்டும்?

தம்பி, அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழி இருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை. கையுறை, கண்ணாடி, மொட்டை மாடி, நண்பன் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், இதெல்லாம் மருந்து கையில் வெடிக்கும்போது உதவாது. குழாய்க்குள் ஒரு சின்ன விரிசலோ காற்றுக்குமிழோ இருந்தால் போதும், எரிகிற பரப்பு சட்டென்று பெருகி, உள்ளே அழுத்தம் ஏறி, ராக்கெட்டாகப் போக வேண்டியது குண்டாகிவிடும். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தப் பொழுதுபோக்கே இதற்கு மாற்றாகப் பிறந்ததுதான். 1957-ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்காவில் பள்ளிப் பையன்கள் வீட்டு அடித்தளத்தில் மருந்து கலந்து இரும்புக் குழாயில் அடைத்து விட ஆரம்பித்தார்கள், விரல் போனது, கண் போனது, உயிரும் போனது. அதற்கு முன்பே, 1954 வாக்கில், நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், அட்டை உடலும் மாற்றக்கூடிய மோட்டாரும் (மருந்து அடைத்த சின்னக் குழாய்) பாராசூட்டும் உள்ள ஒரு சின்ன ராக்கெட்டைச் செய்திருந்தார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, பாதுகாப்பு விதிகளை எழுதி, சங்கமும் தொடங்கினார். பிறகு வெர்ன் எஸ்டஸ் ஒரே தரத்தில் மோட்டார் அடைக்கும் இயந்திரம் செய்தார். மோட்டாரைத் தொழிற்சாலை செய்யட்டும், மீதி எல்லாவற்றையும் நீ செய் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. எழுபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் அதுதான் வழி.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் கையில் இப்போதே செய்யக்கூடியது தண்ணீர் ராக்கெட், கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தீபாவளி வெடியைப் பிரித்து மருந்தை எடுத்தால்?

வேண்டவே வேண்டாம். வெடிக்கென்று செய்த மருந்து, தள்ளுவதற்கென்று செய்ததல்ல. உரசினாலே பற்றக்கூடியது. பிரிக்கும்போதே விபத்து நடக்கும்.

கேள்வி (டல்லாஸ், எட்டு வயதுப் பையனின் அப்பா): முதல் கிட் வாங்கியாயிற்று. எந்த மோட்டார், எவ்வளவு பெரிய இடம்?

மோட்டார் மேல் ஏ8-3 என்று போட்டிருக்கும். எழுத்து, மோட்டார் எரிந்து முடிவதற்குள் தரும் மொத்தக் கணத்தாக்கின் (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது) அளவு, ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச வரம்பு இரண்டு மடங்காகும். நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்து எத்தனை விநாடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும் என்பது. முதல் தடவை கிட்டில் சொல்லியிருப்பதிலேயே மிகச் சின்ன மோட்டாரைப் போடுங்கள். பையன் "சி போடலாம்பா" என்பான், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

மைதானத்தின் குறுகிய பக்கம் ஏ-க்கு 100 அடி, பி-க்கு 200, சி-க்கு 400 அடியாவது இருக்க வேண்டும். மரம், மின்கம்பி, காய்ந்த புல் உள்ள இடம் வேண்டாம், நம் ஊர் ஆகஸ்ட் புல்லைப் பற்றி உங்களுக்கே தெரியும். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் வீட்டுக்குத் திரும்புங்கள். டி வரைக்கும் 15 அடி தள்ளி நில்லுங்கள், அதற்கு மேல் 30 அடி. ஏவுகம்பி (ராக்கெட்டை நேராக வழிநடத்தும் கம்பி) நெட்டாகவே இருக்கட்டும், எவ்வளவு சாய்த்தாலும் 30 பாகைக்கு மேல் போகக்கூடாது. இன்னொன்று, பலர் மறப்பது: அந்தக் கம்பியின் நுனி சரியாகக் குனிகிற பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும். விடாத நேரமெல்லாம் நுனியில் ஒரு மூடி செருகி வையுங்கள்.

மோட்டாரை வெயிலில் நிற்கும் காரில் விட்டு வைக்காதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் உள்ளே அடைத்த மருந்து விரிசல் விடும், மேலே நான் சொன்ன அதே கதைதான்.

கேள்வி: பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால் போய்ப் பார்க்கலாமா?

முதலில் கன்ட்ரோலரில் (தூரத்திலிருந்து மின்சாரம் விட்டுப் பற்றவைக்கும் பெட்டி) இருக்கும் சாவியை உருவுங்கள். அப்புறம் முழுசாக 60 விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள், மனதுக்குள் எண்ணினால் முப்பதிலேயே அறுபது வந்துவிடும். பெரும்பாலும் காரணம் சின்னதுதான், இக்னைட்டரின் (மோட்டாரைப் பற்றவைக்கும் மெல்லிய கம்பி) நுனி மருந்தைத் தொடாமல் இருக்கும், அல்லது கன்ட்ரோலர் வயரை அதோடு இணைக்கும் கிளிப்பில் கரி படிந்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

சாவி விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது வருடம் என்று நினைவு. மண்டியிட்டு இரண்டாவது கிளிப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன், முகம் மோட்டாரிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. எதற்கோ திரும்பிப் பார்த்தால் என் மகள் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதில் சின்ன விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்தால் சாவி உள்ளே இருக்கிறது, சுற்று முழுமையாகிவிட்டது, இனிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி என்று அர்த்தம். அவள் கட்டைவிரல் அந்தப் பொத்தான் மேல் இருந்தது. "கண்ணு, கையை எடு" என்று சத்தமே வராமல் சொன்னேன். எடுத்தாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, சாவியை உள்ளே விட்டது நான். அன்றிலிருந்து சாவி ஒரு நாடாவில் என் கழுத்தில்தான் கிடக்கும். கிளிப் மாட்டப் போகிற ஆள் கழுத்தில் சாவி இருந்தால், வேறு யாரும் எதையும் பற்றவைக்க முடியாது.

கேள்வி: நானே வடிவமைத்த ராக்கெட், கம்பியை விட்டதும் சுழன்று கூட்டத்தை நோக்கி வந்தது. ஏன்?

எடை மையம் பின்னால் போய்விட்டது. எடை மையம் (ராக்கெட் சமமாக நிற்கிற இடம்), காற்றழுத்த மையத்தைவிட (காற்று பக்கவாட்டில் தள்ளும் விசை குவிகிற இடம்) மூக்குப் பக்கமாகக் குறைந்தது ஒரு உடல் விட்டம் அளவு முன்னால் இருக்க வேண்டும். மோட்டாரைப் போட்டபிறகு பார்க்க வேண்டும், வெறும் ராக்கெட்டில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் மோட்டார் எடை முழுக்க வாலில் இருக்கிறது.

சோதிப்பது சுலபம். மோட்டார், பாராசூட் எல்லாம் வைத்து, ராக்கெட் சமமாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டி, டேப் ஒட்டி, ஏழெட்டு அடி நூல் விட்டுத் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னே போனால் சரி. வால் முன்னே போனாலோ தட்டாமாலை சுற்றினாலோ அதை விடாதீர்கள், மூக்குக்குள் கொஞ்சம் களிமண் வையுங்கள் அல்லது இறக்கையைப் பெரிதாக்குங்கள். பால்சா இறக்கை என்றால் மரத்தின் ரேகை, காற்றை வெட்டுகிற முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் மேலே போகும்போதே ஒடியும். உடலில் எங்கேயும் உலோகம் வேண்டாம், அட்டை, மரம், பிளாஸ்டிக் போதும்.

கேள்வி (திருச்சி, ஆசிரியை): பள்ளியில் தண்ணீர் ராக்கெட் செய்யலாம் என்று இருக்கிறேன். நெருப்பு இல்லாததால் பயமில்லைதானே?

டீச்சர், நெருப்பு இல்லை, ஆனால் அழுத்தம் இருக்கிறது. குளிர்பான பாட்டில் மட்டும் எடுங்கள், 2 லிட்டர் நல்லது. குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. கீறல், மடிப்பு, வெளுத்த தடம் இருக்கிற பாட்டிலைப் பிள்ளைகள் கண் முன்னாலேயே வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது திரும்ப எடுத்து வருவார்கள். இறக்கையைச் சூடான பசை வைத்து ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். டேப்பே போதும். கூர்முனையும் வேண்டாம், நுனியில் பாதி ரப்பர் பந்து வையுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அளவுமானி உள்ள சைக்கிள் பம்பு, 60 பிஎஸ்ஐ (பம்பு மானி காட்டும் அழுத்த அளவு). அதற்கு மேல் நான் ஏற்றுவதில்லை, அதிலேயே தென்னை மர உயரம் போகும். தண்ணீரே இல்லாமல் காற்றை மட்டும் ஏற்றிப் பார்க்கக் கூடாது, அதே அழுத்தத்தில் காற்று அதிகம் இருந்தால் வெடிக்கும் வேகமும் அதிகம். பம்பு அடிக்கிறவருக்குக் கண்ணாடி, நீளமான குழாய். மற்றவர்கள் பத்து மீட்டர் தள்ளி. விடுவிப்பது கயிற்றை இழுத்துத்தான், யாரும் பாட்டில் மேல் குனியக் கூடாது. காற்று ஏற்றியபிறகு ஒட்டிக்கொண்டு கிளம்பாவிட்டால், கிட்டப் போகாமல் தூரத்திலிருந்தே காற்றை இறக்க ஒரு வால்வு முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: பாராசூட் வெளியே வராமல் அம்பு மாதிரித் தரையில் குத்தியது.

மூக்கு இறுக்கமாக இருந்திருக்கும். தலைகீழாகப் பிடித்து லேசாக ஆட்டினால் விழக் கூடாது, இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிட வேண்டும், அந்தப் பதம். பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத வாடிங் (சூட்டைத் தடுக்கும் காகிதம்) வைக்க மறந்தால் அது உருகி உருண்டையாகிவிடும். மடித்து வெகுநேரம் வைக்காதீர்கள், கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் ஒட்டாது. ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன் சத்தமாக எண்ணுங்கள், அப்போதுதான் எல்லோரும் மேலே பார்ப்பார்கள், கீழே வருவதும் கண்ணில் படும்.

கேள்வி: மின்கம்பியில் மாட்டிக்கொண்டது, மூங்கில் கழி வைத்து எடுக்கலாமா?

கூடாது. அதை அங்கேயே விட்டுவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும், அன்றே உட்கார்ந்து இன்னொன்று ஒட்ட ஆரம்பித்துவிடுங்கள்.