செய்தி போனது வட்ஸ்அப்புக்கு, பிள்ளை வந்தது பூட்டிய காம்பராவுக்கு

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மகன் இரண்டாம் தரம். தினமும் அடுத்த லயத்துப் பாட்டிதான் அவனைக் கூட்டி வருவார். முதலாம் தவணையில் ஒரு நாள், ஆசிரியர் கூட்டம் என்று பத்தரை மணிக்கே பாடசாலையை விட்டுவிட்டார்கள். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் கணவரின் இலக்கம்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது பட்டன் போன். மாலைக் கொழுந்து நிறுத்துவிட்டு நான் வரும்போது, பூட்டிய காம்பராவின் வாசற்படியில் நனைந்த சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாசிப்பு வராது என்பதும் தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்த பிறகே தெரிந்தது. கேட்டால் பிள்ளை மேல் கோபத்தைக் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இந்த விடயத்தில் தவறு பாடசாலையுடையது. ஏழு வயதுப் பிள்ளையை வழக்கமான நேரத்துக்கு முன்பே வெளியே அனுப்பும்போது, அவனைப் பொறுப்பேற்க ஒருவர் வந்திருக்கிறாரா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். குழுவில் செய்தி போட்டாயிற்று என்பது பெற்றோருக்கு அறிவித்ததாக ஆகிவிடாது.

தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்பதற்கு முன்னர், பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளாக இருந்த அவற்றின் ஆசிரியர் தோட்டத்திலேயே குடியிருந்ததால், பாடசாலைச் செய்தி மாலைக்குள் லயங்களுக்கு நடந்தே வந்து சேர்ந்துவிடும். இன்று ஆசிரியர்களில் பலர் காலையில் பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸைப் பிடித்துப் போகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வழக்கத்துக்கு வந்த வட்ஸ்அப் குழு, பாடசாலைகள் திறந்த பிறகும் நிலைத்துவிட்டது. வீட்டில் இருக்கும் ஒரேயொரு ஸ்மார்ட் போன் கொழும்புக்குப் போயிருக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆரம்பப் பிரிவில் பல ஆண்டுகள் கற்பித்த எனக்கும் இதில் வெட்கப்பட ஒன்று உண்டு. பிள்ளைகளின் பையில் நான் கொடுத்தனுப்பிய துண்டுக் கடதாசி ஒன்று, மழையில் நனைந்து கணிதப் புத்தகத்தோடு ஒட்டிக் கிடந்ததை ஒரு கிழமை கழித்துத்தான் கண்டேன். அதுவரை அந்தத் தாய்க்கு அறிவித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

காலையில் கேற்றடியில் நின்று ஆசிரியையிடம் இதைப் பேச வேண்டாம். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவர் சொல்லும் "சரி" அன்று மத்தியானத்துக்குள் மறந்துபோகும். அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, வகுப்பாசிரியை மூலமாகவே கொடுங்கள்; தன்னைத் தாண்டிப் போனதாக அவர் நினைக்க இடமிருக்காது. நடந்ததைத் திகதியோடு நான்கு வரியில் சொன்ன பிறகு இப்படி எழுதலாம்: "எனது தொலைபேசியில் வட்ஸ்அப் வசதி இல்லை. நேரத்துக்கு முன் பாடசாலை விடப்படும் நாட்களில் கீழுள்ள இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுமாறும், நானோ கீழே பெயர் குறிப்பிட்டுள்ளவரோ வரும்வரை மகனைப் பாடசாலையிலேயே வைத்திருக்குமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பாட்டியின் பெயரையும் இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். மலையில் வேலை செய்யும்போது உங்கள் போனுக்குச் சிக்னல் கிடைக்காமல் போகலாம். அவருக்காவது அழைப்புப் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் யாருடைய போனிலாவது கடிதத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயத்தை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் மேல் எரிச்சலைக் காட்டிய ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் லயத்திலும் அடுத்த லயத்திலும் இதே வகுப்பில் வேறு பிள்ளைகள் இருப்பார்கள். அந்தத் தாய்மாரில் மூன்று நான்கு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால், அது உங்கள் மகனைப் பற்றிய முறைப்பாடாக இல்லாமல் வகுப்புக்கான கோரிக்கையாகிவிடும். பெற்றோர் என்ற முறையில் நீங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் இதை எழுப்ப உங்களுக்கு இடமுண்டு. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், கடிதத்தின் பிரதியோடு ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கும்படி யாராவது சொல்லக்கூடும். அந்தச் சட்டம் நல்லதுதான், ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்பதற்கு அவ்வளவு பெரிய ஏணி தேவையில்லை.

வாசிப்பு விடயத்தை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். இரண்டையும் கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும். அதற்கு ஒரு நாள் அரைப் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்தாவது, பாடசாலை விட்ட பிறகு வகுப்பாசிரியையைச் சந்தியுங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். அவனது வாசிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்து, எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று காட்டச் சொல்லுங்கள். "பெ" என்பதையும் "பே" என்பதையும் பிரித்தறியாமல், "பொ" வந்தால் கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடும் பிள்ளைக்கு வேண்டியது சில கிழமைப் பயிற்சி. எழுத்துகளே பதியாத பிள்ளைக்கு வேறு கவனிப்பு வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்குகிறானா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலை நேரத்தில் கடையில் போனைத் தொட விடமாட்டார்கள் என்றால், குழுவில் அவருடைய இலக்கம் இருந்தும் பயனில்லை. ஸ்மார்ட் போன் வைத்திருக்கும், பகலில் வீட்டில் இருக்கும் அயலவர் ஒருவரின் இலக்கத்தைச் சேர்க்கும்படி அவரே ஆசிரியைக்குச் சொல்லட்டும்.

இவற்றை ஆறுதலாகச் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை மலையகம் பார்த்திருக்கிறது. கடும் மழையும் மண்சரிவு எச்சரிக்கையும் வரும் நாட்களில் பாடசாலையைத் திடீரென மூட வேண்டித்தான் வரும், மூடுவதும் சரியே. தென்மேல் பருவமழை இறங்குவதற்கு முன்னர் உங்கள் கடிதம் அதிபரின் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.