அடிப்பிடித்த பாத்திரம்: தேய்ப்பதற்கு முன்னால்

ஆடியில் கும்மாயம் (உளுந்தும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் இனிப்பு) கிண்டாத வீடு எங்கள் பக்கம் குறைவு. அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அடிப்பிடித்த பாத்திரம் பற்றியவை. காரைக்குடியில் விசேஷ வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவதும், திரும்பி வருவதைத் துலக்கி அடுக்குவதும்தான் முப்பது வருஷமாக என் வேலை. பாழாய்ப்போய்த் திரும்பும் பாத்திரங்களில் முக்கால்வாசி கரியால் கெட்டவை அல்ல, தேய்ப்பால் கெட்டவை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது.

ஆச்சி, எவர்சில்வர் சட்டியில் கும்மாயம் தீய்ந்து, அடியில் கருப்பட்டியும் உளுந்துமாகக் கல் மாதிரி ஒட்டிக்கொண்டது. கம்பி நாரால் தேய்த்தும் போகவில்லை. (தேவகோட்டை)

கம்பி நாரைக் கீழே வையுங்கள். கரி மூழ்கி இரண்டு விரல்கடை மேலே நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா போட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் மரக்கரண்டியால் ஓரத்தில் நெம்பினால் கரி அப்பளம் போலப் பெயர்ந்து வரும். மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை. தீய்ந்த சர்க்கரையும் மாவும் சூடான சோடாத் தண்ணீரில் ஊறினால்தான் இளகும், கைபலத்துக்கு இளகாது.

சோடா போட்ட கையோடு வினிகரையும் ஊற்றச் சொல்கிறார்கள். பொங்கும்போது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சோடாவின் காரமும் வினிகரின் புளிப்பும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சாப்பாட்டுக் கரிக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் சோடா. உலோகம் கறுத்ததற்கும், தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கும் புளி, எலுமிச்சை. கரி போனபின் அடியில் வானவில் மாதிரி நீலமும் மஞ்சளும் தெரிந்தால் அது சூட்டினால் வந்த நிறம், எலுமிச்சைச் சாற்றுக்குப் போய்விடும். ஊசி குத்தியது போல் புள்ளிகள் இருந்தால் அது உப்பு அரித்தது, அது போகாது. இனிமேல் தண்ணீர் கொதித்தபின் உப்புப் போடுங்கள்.

கல்யாணச் சாமானில் வந்த பித்தளை உருளி, முப்பது வருஷமாகப் பரணில் இருந்தது. வெளியே கறுப்பு, உள்ளே மங்கல் வெள்ளை, நடுவில் கொஞ்சம் மஞ்சள் தெரிகிறது. தேய்த்துவிட்டுப் பாயசம் வைக்கலாமா? (கானாடுகாத்தான்)

உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி கை வைத்துவிடாதீர்கள். வெளிப்புறத்துக்குப் புளியும் கல் உப்பும் போதும், குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையே ஆகும். தடவித் தேய்த்த உடனே கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். புளியைப் பூசிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் பித்தளை அங்கங்கே செம்பு நிறமாகிவிடும். அப்புறம் கடைசல்காரரிடம் போய் மெருகு போட்டால்தான் சரியாகும். மழைத்தண்ணீரில் கடைசியாக ஒரு முறை அலசினால் புள்ளி விழாது. வளவுக் (வீட்டு நடுமுற்றத்து) கூரையில் விழும் தண்ணீரைப் பிடித்து வைத்த வீடுகளில் பித்தளை பளபளத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே இருக்கிற வெள்ளை, ஈயப் பூச்சு, அதாவது வெள்ளீயம். அது மிருதுவானது. அதில் செங்கல் தூளோ கம்பி நாரோ படக்கூடாது. வெந்நீர், சீயக்காய்த் தூள், தேங்காய் நார் போதும். மஞ்சள் தெரிகிறதென்றால் பூச்சு தேய்ந்துவிட்டது. மறுபடி ஈயம் பூசாமல் சமைக்க வேண்டாம். புளி, தயிர், தக்காளி பட்டால் களிம்பு ஏறி வாந்தி வரும்.

ஈயம் பூசுவதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உருளியைக் கரி நெருப்பில் காய்ச்சி நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்தச் சூட்டிலேயே ஈயக் குச்சியை இழுத்து, பஞ்சால் ஒரு சுற்று. மஞ்சளாய் இருந்த அடி கண்ணெதிரே நிலா மாதிரி வெளுத்துவிடும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் ஈயம் பூசிய உருளியை வெறுமனே அடுப்பில் வைக்காதீர்கள்.

ஈயச் சொம்பு வெளியே கறுத்துவிட்டது. எப்படித் தேய்ப்பது?

சாம்பலைத் துணியில் தொட்டு மெதுவாக. உருகும் சூடு இதற்கும் அதே 232 தான், ரசம் ஊற்றியபின் சிறு தீயில் வையுங்கள். இன்னொன்று: சொம்பின் ஓரத்தை வெள்ளைக் காகிதத்தில் இழுத்துப் பாருங்கள். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, அது விஷம், சமைக்கவே கூடாது. கோடு விழாவிட்டாலும் நம்பிக்கையான கடையில் வாங்கியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய இட்லிக் குண்டானைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். முன்பைவிடக் கறுத்துவிட்டது!

சோடா எவர்சில்வருக்கு நண்பன், அலுமினியத்துக்கு ஆகாது. தண்ணீரில் எலுமிச்சைத் தோலோ ஒரு கொட்டைப்பாக்களவு புளியோ போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள், வெளுத்துவிடும். இட்லி வைக்கும்போதெல்லாம் அடித் தண்ணீரில் ஒரு தோலைப் போட்டு வையுங்கள்.

ஆச்சி, நான் சென்னையில் தனியாக இருக்கிறேன். அப்பத்தாவின் இரும்புக் குழிப்பணியாரச் சட்டியைச் சோப்புத் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டுவிட்டேன். துரு பிடித்து, வெள்ளைப் பணியாரம் ஒன்றுகூடக் கழன்று வரவில்லை.

கவலைப்படாதீர்கள் தம்பி, இரும்பு மன்னிக்கும். அப்பத்தா வருஷக்கணக்கில் சுட்டுச் சுட்டு ஏற்றிய கறுப்புப் பளபளப்பு அழுக்கு இல்லை. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய தோல் அது. ஊறலும் துருவும் சேர்ந்து அதை உரித்துவிட்டன, மறுபடி ஏற்ற வேண்டும்.

கல் உப்பைக் குழிகளில் போட்டுத் தேங்காய் நாரால் துரு போகிற வரை தேயுங்கள். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் முழுக்க வற்றவிடுங்கள். துணியில் நல்லெண்ணெய் தொட்டு ஒவ்வொரு குழியிலும் மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்தே எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கினால் பிசுக்காகிவிடும். சன்னமாகப் புகை வரும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். இப்படி நாலைந்து தடவை. அப்புறம் சின்ன வெங்காயத்தை நறுக்கிக் குழிகளில் வதக்குங்கள். முதலில் தாளித்த காரப் பணியாரம் சுடுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்குப் பத்து ஈடாவது பொறுக்க வேண்டும்.

வெள்ளை எனாமல் தட்டில் மஞ்சள் கறை. சோப்புப் போட்டால் சிவப்பாகிறது.

பயப்படாதீர்கள், மஞ்சளில் சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், அலசினால் பழையபடி மஞ்சளாகும். கழுவிவிட்டு முற்றத்து வெயிலில் ஒரு பகல் காயவையுங்கள், வெயிலே கறையைத் தின்றுவிடும். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிய கண்ணாடி, கம்பி நார் ஆகாது. பொத்துப்போனதையும், அந்தக் காலத்துச் சிவப்பு, மஞ்சள் வண்ணப் பாத்திரங்களையும் சாப்பாட்டுக்குப் புழங்க வேண்டாம். அந்த வண்ணங்களில் காரீயமும் காட்மியமும் கலந்திருக்கலாம். அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

நான்ஸ்டிக் தோசைக்கல்லில் கீறல் விழுந்து கரி ஏறிவிட்டது.

மாற்றிவிடுங்கள்.

கழிவறை ஆசிட் ஊற்றினால் கரி சட்டென்று போகிறதாமே? பிளீச்சிங் பவுடரும் சேர்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த சமையலறையில் மூச்சுத் திணறும். தனித்தனியாகப் போட்டாலும் எவர்சில்வரை அரித்துவிடும். ஏற்கனவே ஊற்றிவிட்டீர்களென்றால் முதலில் வெளியே வந்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, புகை அடங்கும்வரை உள்ளே போகாதீர்கள். சட்டி அங்கேயே கிடக்கட்டும்.