வெற்று மேடையில் மேக்பெத்: காட்சி மாறுவது புரியவில்லை என்றால்

காட்சிகளுக்கு நடுவே விளக்கை அணைப்பதை முதலில் நிறுத்துங்கள். அரங்கப் பொருள் எதுவும் இல்லாத வெற்று மேடையில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைப் போடுகிறீர்கள்; இடம் எது, பகலா இரவா என்று பார்ப்பவர்களுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். ஒரு காட்சியின் நடிகர்கள் வெளியேறும்போதே அடுத்த காட்சியின் நடிகர்கள் பேசிக்கொண்டே நுழையட்டும், இடம் மாறிவிடும்.

நேரத்தைச் சுருக்க வசனத்தை வெட்டினீர்களோ? என் சந்தேகம் அதுதான். ஷேக்ஸ்பியர் காலத்தில், லண்டனில் அவருடைய குழுவின் குளோப் அரங்கில் பிற்பகல் வெளிச்சத்தில்தான் நடித்தார்கள். இரவைக் காட்ட ஒரு தீவட்டியும், நிலா இறங்கிவிட்டது என்று பேங்க்வோவின் மகன் ஃப்ளியன்ஸ் சொல்லும் வரியும் போதும். அந்த வரி போனால் எந்த நீல விளக்கும் ஈடு கட்டாது.

நாடகம் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, முழு வெளிச்சத்தில் ஒரு ஒத்திகை ஓட்டுங்கள். அவர் முழிக்கிற இடத்தில் வெட்டிய வரியைத் திரும்பச் சேருங்கள்.

விருந்துக் காட்சிக்கு மட்டும் முக்காலிகள் வேண்டும். மேக்பெத் ஆள் வைத்துக் கொன்ற பேங்க்வோவின் ஆவி வந்து மேக்பெத்தின் இருக்கையைப் பிடித்துக்கொள்வதுதான் அங்கே விஷயமே.