லாஸ் இறங்குகிறது, இடது கை வலது கையாகிறது

கேள்வி: என் அக்கா டர்பனில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறார். மாணவிகள் நிற்கும் நிலைகளைப் போனிலேயே ஸ்கேன் எடுத்து, ஒவ்வொன்றையும் 1024 புள்ளிகளாகக் குறைத்து, ஒரு நிலையின் எந்தப் புள்ளி இன்னொன்றில் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நெட்வொர்க்கைப் பழக்குகிறேன். லேபிள் (எந்தப் புள்ளி எங்கே போக வேண்டும் என்ற சரியான விடை) கிடையாது, சேம்ஃபர் லாஸ் (நெட்வொர்க்கின் பிழையை எண்ணாகச் சொல்லும் அளவு) மட்டும்தான். லாஸ் நன்றாக இறங்குகிறது, ஆனால் நிறம் பூசிப் பார்த்தால் இடது கை வலது கையாகிறது, இடுப்பில் வைத்த கை இடுப்பாகவே ஆகிவிடுகிறது. புள்ளிகளை ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்து அளக்கும் எர்த் மூவர் தூரத்துக்கு மாறட்டுமா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: வேண்டாம். சேம்ஃபர் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு புள்ளி இருக்கிறதா? அது யாருடைய புள்ளி என்று கேட்பதே இல்லை. 2017 வாக்கில் இந்த இரண்டு தூரங்களும் பிரபலமானதே புள்ளித்திரளை உருவாக்கும் நெட்வொர்க்குகளில்தான், அங்கே நாற்காலி நாற்காலியாக வந்தால் போதும், எந்தக் கால் எந்தக் கால் என்று யாரும் பார்ப்பதில்லை. எர்த் மூவர் ஒன்றுக்கு ஒன்று என்று கட்டாயப்படுத்துவதால் பல புள்ளிகள் ஓரிடத்தில் குவிவது நிற்கும், சரி. ஆனால் போன் ஸ்கேனில் அக்குளும் முதுகும் பாதி விடுபட்டிருக்குமே, அந்தக் கட்டாயம் மிச்சப் புள்ளிகளைச் சம்பந்தமில்லாத இடத்துக்குத் தள்ளும். துல்லியமாகக் கணக்கிட்டால் புள்ளி இரட்டிப்பாகும்போது வேலை சுமார் எட்டு மடங்காகும். சிங்க்ஹார்ன் என்ற வேகமான முறையில் தோராயமாகப் போடலாம், ஆனால் இடது வலது குழப்பம் அப்படியே இருக்கும்.

சேம்ஃபரை வைத்துக்கொண்டே, பக்கத்துப் புள்ளிகள் பக்கத்திலேயே போய்ச் சேர வேண்டும் என்ற லாஸைச் சேருங்கள். 2021-ல் வந்த டிபிசி (Deep Point Correspondence) என்ற முறை, மூலத்தின் (தொடங்கும் உருவத்தின்) புள்ளிகளைக் கலந்தே இலக்கு (போய்ச் சேரும்) உருவத்தைக் கட்டிப் பார்த்து, கூடவே இதையும் சேர்த்தது. இந்த லாஸின் எடையை மெதுவாக ஏற்றுங்கள், அதிகமானால் எல்லாப் புள்ளியும் ஒரே இடத்துக்குச் சுருங்கப் பார்க்கும், ஏனென்றால் எல்லாரும் ஓரிடத்தில் இருந்தால் பக்கத்துவீட்டுப் பிரச்சினையே இல்லையே!

இங்கேதான் உங்கள் இடுப்புக் கை வருகிறது. யார் பக்கத்தில் என்று நேர்கோட்டுத் தூரத்தில் பார்த்தால் உள்ளங்கைக்குப் பக்கத்தில் இடுப்புதான் இருக்கும். உடல்மேல் நடந்து அளக்கலாம் என்றாலும், கை இடுப்பைத் தொடுகிற நிலையில் அந்த வழியும் குறுக்கே தாவிவிடும். அதனால் கைகளை விரித்து நிற்கும் ஸ்கேன் ஒன்றை மூலமாக வைத்து, பக்கத்துப் பட்டியலை அதிலிருந்தே எடுங்கள். ஒவ்வொரு மாணவிக்கும் அப்படி ஒன்று எடுக்கச் சொல்லி அக்காவை நச்சரித்தாவது வாங்குங்கள்.

இடது வலது விஷயம் வேறு ரகம். கண்ணாடிப் பிம்பத்தில் எல்லாத் தூரங்களும் மாறாமலே இருக்கின்றன, அதனால் தூரத்தை மட்டும் பார்க்கும் எந்த லாஸாலும் இதைத் தீர்க்க முடியாது. எல்லா ஸ்கேனையும் ஒரே திசை பார்த்து நிற்க வையுங்கள், ஸ்கேன்களைத் திருப்பி மாற்றி டேட்டாவைப் பெருக்கும்போது கண்ணாடித் திருப்பத்தை நீக்கிவிடுங்கள், செங்குத்து அச்சில் கொஞ்சமாக மட்டும் திருப்புங்கள். முகமும் பாதமும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதிலிருந்துதான் நெட்வொர்க் இதைக் கற்க முடியும்.

அப்புறம், லாஸ் வளைவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், மூக்கு என்று சில புள்ளிகளைக் கையால் குறித்து, பயிற்சிக்குக் கொடுக்காமல், பிழையை அளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், 10 பேர் 30 நிலைகளில் நின்ற 300 ஸ்கேன்கள் கொண்ட ஃபாஸ்ட் (FAUST) என்ற தரவுத் தொகுப்பில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே கை மாறினால் குற்றம் உங்கள் மாணவிகளின் தாவணியில் இல்லை, நெட்வொர்க்கில்தான்.