ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று, வைவா எப்போது?

அன்புள்ள அம்மா,

மகள் பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்து நான்கு மாதமாகிறது, இன்னும் ஒரு தகவலும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏட்டில் ஏதோ கோளாறு என்று நீங்களாக முடிவுகட்டிவிட வேண்டாம். அவர் 2023-ல் பதிவு செய்தவர் என்பதால் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைதான் அவருக்குப் பொருந்தும். அதன்படி, சமர்ப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வைவா (ஆய்வேட்டைப் பற்றிய வாய்மொழித் தேர்வு) முடிவு உட்பட எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கெடு இன்னும் தாண்டவில்லை.

இந்த மாதங்களில் என்னதான் நடக்கிறது? நெறியாளரைத் தவிர, குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் ஏட்டைப் படிக்கிறார்கள். இருவரும் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் பணியாற்றாதவர்கள். கூடுமானால் ஒருவர் இந்தியாவுக்கு வெளியே இருப்பவர். பேனலில், அதாவது ஒப்புதல் பெற்ற தேர்வாளர் பட்டியலில், இருப்பவரிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அடுத்தவரிடம் போக வேண்டும். ஒப்புக்கொண்டவரும் தன் வகுப்புகளுக்கு நடுவேதான் படித்து அறிக்கை எழுதுவார். தாமதம் பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு அறிக்கைகளும் ஏற்கலாம் என்று சொன்னால்தான் வைவா. ஒருவர் நிராகரித்தால், பேனலிலிருந்து மாற்றுத் தேர்வாளர் ஒருவருக்கு ஏடு போகும். அவர் ஏற்றால் வைவா உண்டு. அவரும் நிராகரித்தால் பட்டம் கிடையாது. ஆக, ஒரே ஒருவரின் கருத்தால் உங்கள் மகளின் உழைப்பு வீணாகிவிடாது.

‘திருத்தங்களுடன் ஏற்கலாம்’ என்று அறிக்கை வந்தால் பல வீடுகளில் இழவு விழுந்ததுபோல ஆகிவிடுகிறது. அது தோல்வியே அல்ல. ஏட்டைக் கவனமாகப் படித்தவர்தான் அட்டவணையில் பிழை, விடுபட்ட முந்தைய ஆய்வு, தெளிவில்லாத முடிவுரை என்று சுட்டிக்காட்ட முடியும். மகள் ஒவ்வொரு குறிப்பையும் எழுதி, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினோம் என்று எதிரே பதில் எழுதி வைக்கட்டும். வைவாவில் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

வைவாவில் துறை ஆசிரியர்களும் மற்ற ஆய்வாளர்களும் வந்து அமரலாம். அதனால் இப்போதே மகளும் பிறருடைய வைவாக்களுக்குப் போய்க் கேட்கட்டும். நான் பார்த்தவரை இதைவிட நல்ல பயிற்சி இல்லை. தன் ஏட்டையும் அந்நியர் கண்ணோடு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள்: நெறியாளருக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம், மகளே பேசட்டும். தேர்வாளர் யாரென்று விசாரிப்பதும் கூடவே கூடாது. 6 மாதம் தாண்டினால் விதியைக் குறிப்பிட்டு, நெறியாளர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு மகள் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். அது அவருடைய உரிமை, தயங்க வேண்டாம்.

வைவா முடிந்ததும் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்காமல் தற்காலிகச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க அது உதவும். யுஜிசி விதிமுறைப்படி பட்டம் வழங்கப்படுகிறது என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று, அலுவலகத்தை விட்டு வெளியே வருமுன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.